வெளிச்சவீட்டுக்கு நாலாம் ஒழுங்கை

யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் உலகத்தின் எந்த மூலையில் கண்டுகொண்டாலும் முதல் கேள்வி பெயர் அல்ல, "நீங்கள் எவடம்?" என்பதுதான். எவடம் என்றால் எந்த இடம், எந்த ஊர். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, ஆருடைய பிள்ளை என்று கேள்வி நீண்டுகொண்டே போகும். எனக்கு மகள் பிறக்கிற நேரத்தில், இங்கே லண்டன் ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில்காரி திரைச்சீலையை விலக்கி, "தங்கச்சி எவடம்?" என்று கேட்டாள். நோவுக்கு நடுவில் ஊரையும் ஒழுங்கையையும் சொன்ன பிறகுதான் நான் அடுத்த தரம் முக்கினேன். அப்படிப்பட்ட சனம் நாங்கள். இத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு நான் ஒரே ஒருவனுக்குத்தான் பொய் சொன்னேன்.

அப்போது நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். அகதி அந்தஸ்து கேட்டு வருகிறவர்களை ஓர் அதிகாரி அறைக்குள் வைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்பார். தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிக் கொடுப்பது என் வேலை. கேட்டது எதையும் வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். அதனால் இதில் ஆருடைய பெயரும் வராது. ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். இலங்கையின் வட கோடியில், கரை கிழக்குப் பக்கம் திரும்புகிற மூலையில் ஒரு ஊர் என்றால் போதும். அங்கே வெள்ளையாக ஒரு வெளிச்சவீடு நிற்கிறது. கலங்கரை விளக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். வாயில் வந்தது வெளிச்சவீடு. எங்கள் வீடு அதற்கு நாலாம் ஒழுங்கை. நான் சிறுமியாக இருந்தபோது அதன் வெளிச்சம் எங்கள் அறைச் சுவரில் விழுந்து நகர்ந்து போகும். அது திரும்பி வருவதற்குள் நித்திரையாகிவிட வேண்டும் என்று எனக்கு நானே பந்தயம் வைப்பேன்.

பொய்க்கு வருகிறேன். வேலை எடுத்துத் தருகிற ஏஜென்சியின் முதல் விதி, உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள் என்பது. அந்த விதியை நான் ஒரு தரம் மீறினேன். ஒரு மனுசிக்கு ஊரைச் சொல்லிவிட்டேன். ஒரு கிழமைக்குள் அவளுடைய மச்சானும் மச்சானுடைய சிநேகிதனும் என் போன் நம்பரைப் பிடித்து, "அக்கா, எங்கட கேசையும் ஒருக்காப் பாருங்கோவன்" என்று தொடங்கிவிட்டார்கள். விஷயம் ஏஜென்சிக்குப் போய், இன்னொரு தரம் நடந்தால் வேலை இல்லை என்று எழுத்தில் வந்தது. அதற்குப் பிறகு எவடம் என்று ஆர் கேட்டாலும் "அது சொல்லேலாது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவோடு நின்றிருந்தால் சரி.

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். காத்திருக்கும் அறையில் கதிரையின் நுனியில் இருந்தான். போட்டிருந்த கோட்டு அவனுடையது அல்ல, கை விரல் வரைக்கும் மூடியிருந்தது. என்னைக் கண்டவுடன் எழும்பினான். "அக்கா, நீங்கள் எவடம்?"

"கொழும்பு" என்றேன்.

ஏன் அப்படி வந்தது? பயம் பாதி என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றப் பாதி பயம் இல்லை. நான் கலியாண விசாவில் பிளேனில் வந்து இறங்கினவள். காடு மலை கடந்து, லொறிக்குள் ஒளித்து வந்த பொடியள் "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொள்வது எனக்குச் சினமாக இருந்தது. இவன் எங்கள் ஊர் என்று அவனுடைய பேச்சிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் கொழும்பு என்றேன். அவன் முகம் சுருங்கி, "ஓ" என்று இருந்துவிட்டான்.

அந்த வேலையில் இன்னொரு விதி உண்டு. "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. அவன் "நான்" என்றால் நானும் "நான்" என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவனுடைய வாயாக நான் இருக்க வேண்டும். அதிகாரி வயதான மனிதர், நல்ல மரியாதைக்காரர். தாய் என்ன செய்கிறார் என்று கேட்டார். அவன் தாயின் பெயரைச் சொல்லி, தையல் வேலை, கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் பக்கத்தில் வீட்டு விறாந்தையில் மெசின் வைத்திருக்கிறா என்றான்.

எனக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தைத்தவ அவதான். ஆறாம் வகுப்பிலிருந்து கடைசி வரை எல்லாச் சட்டையும். நான் அதிகாரியைப் பார்த்து, "என் தாய் தையல்காரி" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் ஆடவில்லை. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது, பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரி நான்!

பிறகு அதிகாரி ஒரு தாளை எடுத்தார். இணையத்திலிருந்து இறக்கிய படம், வெளிச்சவீடு. படத்தை அவனுக்குக் காட்டவில்லை, தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். உன் வீட்டுக்குக் கிட்ட உள்ள கரையில் பெரிய கட்டிடம் என்ன என்று கேட்டார். வெளிச்சவீடு என்றான். அதன் அடியில் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மேலே போக வழி எப்படி, இரவில் எத்தனை செக்கனுக்கு ஒரு தரம் மின்னும்?

அவன் அதிகாரியைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்கள் கொழும்பு, உங்களுக்குத் தெரியாது. அங்க ஆமிக்காரர் கம்பி அடிச்சு வைச்சிருக்கிறாங்கள். கிட்டப் போகேலாது. அது எரிஞ்சு நான் கண்டதே இல்லை. கன நேரம் பார்த்துக்கொண்டு நிண்டாலே ஏன் பார்க்கிறாய் எண்டு கேட்பாங்கள், அம்மா அந்தப் பக்கம் பாராமல் போ எண்டுதான்…"

"என்னோடை கதைக்காதேங்கோ" என்றேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. எத்தினை செக்கன்? தெரியுமோ, தெரியாதோ?"

அவன் கோட்டுக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டான். "தெரியாது" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் அறைச் சுவரில் விழுந்த வெளிச்சத்தைப் பற்றி என் சொந்த வாயால் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். வாசலுக்கும் படிக்கும் அதே பதில், அதே எழுத்து.

மொழிபெயர்ப்பாளர் நடுவில் புகுந்து சாட்சி சொல்ல முடியாது, அது உண்மை. ஆனால் அவன் சொன்னது முழுவதையும் சொல்ல வேண்டும் என்பதும் விதிதான். அவன் அக்கா என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னதால் அது பதில் இல்லை, வெறும் கதை என்று நான் வெட்டிவிட்டேன். அவன் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று எனக்குத் தெரியும். என் தங்கச்சி ஊரிலிருந்து எழுதின கடிதங்களில் அந்தக் கம்பி வேலி வரும், சுற்றிப் போகிற ரோட்டு வரும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு இன்னும் மட்டு. முடிவில் அதிகாரி, மொழிபெயர்ப்பு விளங்கினதா என்று அவனிடம் கேட்டார். "ஓம், அக்கா வடிவாச் சொன்னவ" என்றான். அவனுக்குத் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர்ப் போத்தலை நான் அவன் பக்கம் தள்ளிவிட்டேன். அந்த நாலு மணித்தியாலத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அந்த வேலையை நான் பிறகு விட்டேன். இப்போது ஆஸ்பத்திரிகளுக்குப் போனில் மொழிபெயர்க்கிறேன், சீனி வருத்தமும் முழங்கால் நோவும். வேலை மாறினதற்கு அவன்தான் காரணம் என்று சொன்னால் அழகாக இருக்கும். காரணம் அவன் இல்லை, ரயிலில் போய் வரக் களைத்துவிட்டேன். ஆனால் அவன் நினைவு வரும். முக்கியமாகச் சட்டை மடிக்கும்போது வரும். என் மனுசனிடம் ஒரு தரம் சொன்னேன். "பழசைக் கிண்டாதையப்பா" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

போன சித்திரையில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு புதுக் கடைக்குள் முருங்கை இலை தேடிப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் சாமிப் படம் ஒன்றுதான். மற்றச் சுவர் முழுக்க வெளிச்சவீடுகள், எல்லாம் சட்டம் போட்ட படங்கள். சிவப்பும் வெள்ளையும் வளையம் வளையமாக ஒன்று, இரும்புக் காலில் சிவப்பாக நிற்கிற குட்டை ஒன்று, அலை அடிக்கிற கல்லணையின் முனையில் ஒன்று. நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றபோது, "அக்கா… நீங்கள் அந்தக் கொழும்பு அக்கா எல்லோ?" என்று ஒரு குரல்.

உடம்பு பருத்திருந்தான், தாடி வைத்திருந்தான். சட்டைக் கை அளவாக இருந்தது. "தண்ணி தந்தனீங்கள், மறக்கேல்லை" என்றான். ஐயோ, அவன் சிரித்த சிரிப்பு! எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

அவனே எல்லாம் சொன்னான். கேஸ் தோற்றுப்போனது. வந்த கடிதத்தில், அந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்கு அந்த வெளிச்சவீட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும், ஆகவே நீர் அந்த ஊர் என்பதை நாங்கள் நம்பவில்லை என்று ஒரு பந்தி. அதை ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொன்னான். பாட்டு மாதிரி, ஒரு சொல் தப்பாமல். அப்பீல் போட்டு, அப்பீலும் தோற்று, பிறகு இன்னொன்று. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நியூகாசிலுக்கு அங்கால் ஒரு ஊரில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. அங்கே கரை நெடுக வெளிச்சவீடுகள், ஆறு கடலில் விழுகிற வாயெல்லாம் வெளிச்சவீடுகள்.

"நான் ஒண்டொண்டாப் போய்ப் பார்த்தனான் அக்கா. வாசல் எந்தப் பக்கம், எத்தினை படி, எத்தினை செக்கன், எல்லாம் கொப்பியிலை எழுதி வைச்சனான். டைன் ஆத்து வாயிலை பத்து செக்கனுக்கு மூண்டு தரம். இனி ஆரும் நீ எங்க இருந்தனி எண்டு கேட்டால் என்னைப் பிடிக்கேலாதெல்லோ." அதற்கும் சிரித்தான். விசாப் பேப்பர் கிடைக்க ஒன்பது வருடம் எடுத்ததாம். அவன் சும்மா கையில் திணித்த கறிவேப்பிலையோடு நான் வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் குசினியில் நின்றேன்.

அடுத்த மாதம் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை. அப்டன் பார்க்கில் வாங்கினேன். அங்கே முருங்கை இலை மஞ்சள் பிடித்துக் கிடந்தது, இருந்தாலும் வாங்கினேன். கள்ள மனம் துள்ளும் என்பது சும்மாவா? பஸ் அவனுடைய கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொள்வேன், ஐம்பத்துமூன்று வயதுக் கிழவி, களவாகப் படத்துக்குப் போகிற பெட்டை மாதிரி. கடைசியில் எனக்கே என்னைப் பார்க்க விசர் வந்தது. சொல்லிவிடுவது, அவன் ஏசினால் ஏசட்டும், துப்பினால் துப்பட்டும். ஆனால் கடைக்குள் வைத்து, சனத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது? அதனால் ஒரு நாள் போய், "லண்டனிலையும் ஒரு வெளிச்சவீடு இருக்காமே, நீர் பார்த்தனீரோ?" என்று கேட்டேன்.

"தெரியும் அக்கா. லீ ஆறு தேம்ஸிலை விழுற இடத்திலை. ஏனோ இன்னும் போகேல்லை."

"ஞாயிறு போவமே?"

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

கானிங் டவுனில் இறங்கி நடந்தோம். வழி முழுக்கப் புதுக் கட்டிடங்கள், பாரந்தூக்கிகள். ஆற்றங்கரையில் பழைய செங்கல் கட்டிடம் ஒன்று, அதன் மேல் கண்ணாடிக் கூடு. இவ்வளவுதானா என்று இருந்தது. அவன் எல்லாம் வாசித்துவிட்டு வந்திருந்தான். இது எந்தக் கப்பலுக்கும் வழி காட்டினதில்லையாம். மற்ற வெளிச்சவீடுகளுக்கு அனுப்பப்போகிற விளக்குகளை இங்கே வைத்துத்தான் சோதித்துப் பார்ப்பார்களாம், காவல்காரர்களையும் இங்கேதான் பழக்குவார்களாம்.

"அப்ப இதுவும் ஒரு இண்டர்வியூ ரூம்தான்" என்று சொல்லிச் சிரித்தான். படி ஏறும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஏறினான். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். மேலே எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கண்ணாடிக்கு அங்கால் தேம்ஸ் மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது, எதிர்க்கரையில் பாட்டுக் கச்சேரி நடக்கிற பெரிய வெள்ளைக் கூடாரம்.

"தம்பி, நான் கொழும்பு இல்லை" என்றேன்.

அவன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "என்னக்கா?"

"நான் உங்கட ஊர். வெளிச்சவீட்டுக்கு நாலாம் ஒழுங்கை. நீர் கம்பி வேலியைப் பற்றிச் சொன்னது உண்மை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உம்மை வாயை மூடச் சொன்னனான். உம்மட அம்மாவையும் தெரியும். என்ர பள்ளிக்கூடச் சட்டை முழுக்க அவதான் தைச்சவ. பெயரைச் சொன்ன உடனையே எனக்குத் தெரியும்."

ஒரே மூச்சில் சொன்னேன். நான் பயந்த மாதிரி அவன் கத்தவில்லை. போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு படகு வந்து, எங்களைத் தாண்டி, வளைவில் மறையும் வரை பார்த்தான்.

"கேஸ் போனது போகட்டும்" என்றான். "நீங்கள் சொல்லியிருந்தாலும் தோத்திருக்கலாம். எத்தினை பேருடையது தோத்தது." பிறகு என் பக்கம் திரும்பினான். "அம்மா செத்தது தெரியுமோ?"

தெரியும் என்று தலையாட்டினேன். தங்கச்சி போனில் சொல்லியிருந்தாள்.

"நான் அப்ப நியூகாசில் பக்கம், கரையிலை. பேப்பர் இல்லை, போகேலாது. போனிலைதான் கொள்ளி வைச்சதைப் பார்த்தனான். அறைக்குள்ளை இருக்கேலாமல் வெளிக்கிட்டு நடந்தன். அங்க ஒரு வெளிச்சவீடு சின்னத் தீவிலை நிக்குது. கடல் வத்தினால் ரோட்டாலை நடந்து போகலாம். நான் யோசிக்காமல் போயிட்டன். கடல் ஏறி ரோட்டை மூடிப்போட்டுது. அந்தப் பின்னேரம் முழுக்க நான் அங்கை தனிய. கையிலை போன் இருக்கு. அம்மாவைத் தெரிஞ்ச ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், இந்த நாட்டிலை இருந்தால் எடுத்து அழுதிருப்பன். எல்லா நம்பரும் பார்த்தன். ஒருத்தரும் இல்லை."

நான் அப்போது ஈஸ்ட்ஹாமில் இருந்தேன். போன் என் பக்கத்திலேயே இருந்திருக்கும். கேஸைப் பற்றித்தான் இத்தனை வருடமும் குமைந்துகொண்டிருந்தேன். இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று தொடங்கினேன், அது என் காதுக்கே சின்னதாகக் கேட்டது. அவன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அம்மா அப்ப எப்பிடி இருந்தவ?" என்றான். அக்கா என்று சொல்லவில்லை. "எனக்கு நினைவு தெரியேக்கை அவவுக்கு முதுகு கூனிப்போச்சு. படம் ஒண்டும் இல்லை, வீட்டோடை எரிஞ்சுபோச்சு. நீங்கள் கண்டிருப்பியள். சொல்லுங்கோ."

சொன்னேன். உயரமான மனுசி, நிமிர்ந்து நடப்பா. கழுத்தில் எப்போதும் அளவு நாடா. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே கதைப்பா. கீழ்க்கரையை மடிக்கும்போது, "வளருற பிள்ளை, ரெண்டு விரல் கூட விட்டுத் தைக்கிறன், அடுத்த வருசமும் போடலாம்" என்று சொல்லுவா. உண்மையாகவே அடுத்த வருடமும் போட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். உதடு அசைந்தது, எழுதிக்கொள்கிற மாதிரி.

"வேற?"

சிவப்புக் கரை போட்ட சேலை ஒன்று கட்டியிருந்தா என்றேன்.

"வேற? சிரிக்கிறவவோ? பாடுறவவோ? எங்கட அப்பாவைப் பற்றி ஏதும் சொல்லுறவவோ?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த விறாந்தையில் எத்தனை தரம் கையை அகட்டிக்கொண்டு நின்றிருப்பேன்! எப்போது அளவெடுத்து முடியும், எப்போது ஓடலாம் என்றுதான் நின்றிருக்கிறேன். அந்த மனுசியின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தது எனக்கு நினைவில்லை. அவன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது" என்றேன்.